படலை பூட்டித்தான் இருந்தது

அன்புள்ள மகளுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை உறுதியான செய்தி இது: என் இரண்டு காதுகளுக்கும் உயர்ந்த ஒலிகள் கேட்பதில்லை. சொன்னவர் யாழ்ப்பாணத்தில் என்னைப் பரிசோதித்த காது மருத்துவர். சிறிய அறை ஒன்றுக்குள் என்னைத் தனியே இருத்திக் கதவைச் சாத்தி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தியது குறைவு. அந்தப் பரிசோதனைத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. இடப்பக்கத்தில் ஓரளவு மேலே தொடங்கும் கோடு, பாதி வழியில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிவிடுகிறது. "ஐயா, சத்தமான இடத்திலை வேலை செய்தனீங்களோ?" என்று மருத்துவர் கேட்டார். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூடிய பெண். "அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து அறையிலை முப்பது வருசம்," என்றேன். "வேறை?" "வேறை சத்தங்களும் இருந்தது." "அது இஞ்சை எல்லாருக்கும் இருந்ததுதானே," என்றபடி எழுதினார். எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை என்று கேட்டபோது நான் ஒரு வருடம் என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, "நாலு வருசம்," என்றார். மருத்துவர் அம்மா சொன்னதைத்தான் எழுதினார்.

காது கேட்காததை உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். பரிசோதனைக்கு முன்னரே மூன்று ஞாயிறு முயன்றேன். தொலைபேசியில் நீ கேட்பதில் பாதி எனக்கு விளங்குவதில்லை, விளங்காததற்கு "ஓம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பொய் சொல்லிப் பழகிய இடத்தில் உண்மையைத் தொடங்குவது கடினம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்னர், இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், இதே அளவு இடத்தில், நான் ஒரு பிழையான செய்தி எழுதினேன். பிழை வந்த பக்கத்திலேயே திருத்தமும் வரவேண்டும் என்று எத்தனையோ இளம் நிருபர்களிடம் கடிந்து சொன்னவன் நான். ஆசிரியர் தம்பி இதை வாசித்துவிட்டுத் தயங்கினார். "ஐயா, வீட்டுக் கதைதானே, பேப்பரிலை வேணுமோ?" "பிழையை விட்டது பேப்பரிலை தம்பி," என்றேன். உன் பெயரை எழுதவில்லை. உன்னை அறிந்தவர்கள் அறிவார்கள். அவர்களும் அந்தப் பிழையை வாசித்தவர்கள்தாம்.

முதலில் தண்ணீர்த் தாங்கியின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் தொடங்கியது. நோர்வேக்குப் போவதற்கு முந்திய மாதம், பழைய சவர்க்காரப் பெட்டி ஒன்றுக்குள் பற்றரியும் இரண்டு கம்பியும் ஒரு சிறு ஒலிப்பானும் வைத்து நீ ஒரு கருவி செய்தாய். கிணற்று மோட்டர் ஓடித் தாங்கி நிரம்பியதும் அது விசிலடிக்கும். அம்மா சமையலறையில் இருந்தாலும், நான் முன் அறையில் எழுதிக்கொண்டிருந்தாலும் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தாய். எங்கள் நாய் சுருதி அந்தச் சத்தத்துக்கு எதிராக ஊளையிட, "பார் அப்பா, ரெண்டு பேரும் ஒரே கட்டையிலை நிக்கினம்," என்று சிரித்தாய். நீ போய் இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் அம்மா கோயிலால் திரும்பி வந்தபோது வாழையடி எல்லாம் வெள்ளம். நான் முன் அறையில்தான் இருந்தேன். "உந்தப் பெட்டி பழுதாப் போச்சு," என்றேன். அன்று அதை நம்பித்தான் சொன்னேன்.

நீ இரண்டு சனிக்கிழமைகளை அதற்காகச் செலவழித்தாய். கம்பியைக் கழற்றி மாட்டச் சொன்னாய், பற்றரியை மாற்றச் சொன்னாய், கடைசியில் புதிய ஒலிப்பான் ஒன்றைத் தபாலில் அனுப்பினாய். அதை மாட்டிய அன்று நான் தாங்கிக்கு அருகில் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா இரு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். சுருதி தலையை உயர்த்தி வாயைத் திறந்து நிற்கிறான். அப்போது விளங்கியது. ஆனாலும் அடுத்த நாள் நீ தொலைபேசி எடுத்தபோது, "இப்ப நல்லாய் வேலை செய்யுது பிள்ளை, பழசுதான் பழுது," என்றேன். பழையது பழுதில்லை. அது இப்போதும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, பற்றரி போட்டால் கத்தும் என்று அம்மா சொல்கிறார். கருவி செய்கிறவள் நீ, உனக்கு இதில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு கருவி பேசவில்லை என்று யாராவது சொன்னால், கருவியைக் கழற்றுவதற்கு முன்னர் சொன்னவனைப் பார்.

அந்த வருடம்தான் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வயலின் பதிவு அனுப்பத் தொடங்கினாய். வேலைக் களைப்பில் கை விட்டுப்போகக்கூடாது என்றும், கிழமைக்கு ஒன்று வாசித்து அனுப்பினால் அப்பா பிழை திருத்துவார் என்றும் சொன்னாய். கச்சேரி விமரிசனம் எழுதிய காலத்தில் என்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று நானே உனக்குச் சொல்லி வளர்த்திருந்தேன். முதற் பதிவில் எனக்குக் கேட்டது கீழ் நரம்பின் சில சுரங்களும் வில் உரசும் ஒரு மூச்சும் மட்டும். மேலே போனதும் நீ வாசிப்பை நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன். "அருமை," என்று உனக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், கதவடியில் நின்ற அம்மா தலையை ஆட்டினார். தொலைபேசியை வைத்த பிறகு காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "மேல் நரம்பு இறங்கிக் கிடக்கு. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியேல்லை. உதையோ அருமை எண்டனீங்கள்?"

அடுத்த ஞாயிறிலிருந்து அம்மா எழுதித் தந்தார். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால். நீ பதிவை அனுப்பியதும் அம்மா கேட்பார், இரண்டாம் முறை கேட்பார், எழுதுவார், நான் அதை என் கருத்தாக உனக்கு வாசிப்பேன். "நடுவிலே ஓடுறாள், மெதுவாய் வாசிக்கச் சொல்லுங்கோ." "இந்த முறை நல்ல நிதானம். நானெண்டால் முடிக்கிற இடத்திலை இன்னும் கொஞ்சம் நிப்பன்." மூன்று வருடமாக, ஞாயிறு தவறாமல், நீ நம்பிய காது அம்மாவின் காது. அந்தத் தாள்கள் எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. செய்தியின் மூலத்தை எறியும் பழக்கம் எனக்கு இல்லை.

இனிச் சுருதி. நீ பதினாறு வயதில் அச்சுவேலிச் சந்தையடியில் இருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. நீ வயலினுக்குச் சுருதி சேர்க்கும்போதெல்லாம் ஒரே தொனியில் முனகியதால் அந்தப் பெயர் வைத்தாய். "நாய்க்கு வைக்கிற பேரே உது?" என்று அம்மா கேட்டார். "அம்மா, உங்கடை சங்கீத ரீச்சரைவிட இவன் சரியாய் நிக்கிறான்," என்றாய். அம்மா அவனைச் சமையலறைக்குள் விடமாட்டார், அதனால் அவருக்கு அவனைப் பிடிக்காது என்று நீ முடிவு கட்டினாய். நீ போன பிறகு அவனுக்கு மீன்முள் எடுத்துச் சோறு குழைத்து வைத்தது யார் என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கடைசியாக நீ விடுமுறையில் வந்தபோது, காரில் அவனைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு மணற்காட்டுக்குப் போனோம். மணல் மேட்டில் நின்று நீ வயலின் வாசித்தாய். காற்று இரைந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை, காற்றின் குற்றம் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். சுருதி உன் காலடியில் படுத்திருந்தான், முனகினானோ தெரியாது. அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த விடுமுறையில்தான் காரின் பின்பக்கத்தில் நான்கு சிறு கண்களைப் பூட்டினாய். பின்னால் ஏதாவது நின்றால் உள்ளே கீச்சென்று சத்தம் வரும் என்றாய். "அப்பா, இது கத்தினா உடனை பிறேக் போடுங்கோ. யோசிக்கக் கூடாது." ஓம் என்றேன். நீ ஒரு வாளியைப் பின்னால் வைத்துப் பரிசோதித்தாய். கண்ணாடியில் உன் கை உயர்வதைப் பார்த்து நான் நிறுத்தினேன். கை உயர்ந்ததால் நிறுத்தினேன் என்று அப்போது சொல்லியிருந்தால், இந்தக் கடிதம் இல்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி. பருத்தித்துறைக்கு மீன் வாங்கப் போவதற்காக, மாமரத்தடியில் நின்ற காரை வாசல் படலையை நோக்கித் திருப்பப் பின்னே எடுத்தேன். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். கருவி கத்தியது அவருக்குக் கேட்டது. அவரும் கத்தினார். எனக்கு இரண்டும் கேட்கவில்லை. கல்லில் ஏறியதுபோல ஒரு சிறு அசைவு, அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தபோது அம்மா ஈரக் கையோடு நிலத்தில் இருந்தார், சுருதியின் தலை அவர் மடியில் இருந்தது. கார் நிழலில் படுத்திருந்திருக்கிறான். அந்தக் கடைசி மாதங்களில் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. அவனுக்கும் காது மந்தமாகியிருக்கலாம், அது உறுதிசெய்யப்படாதது. அவன் வலியில் கத்தினானா என்பதும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னார். தேசிமரத்தடியில் தாட்டோம். பின்னேரம் அம்மாவை ஒரு வாளியோடு காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, காரைத் தொடங்கி, கருவி கத்தினால் கையை உயர்த்தும்படி சொன்னேன். கை உயர்ந்தபடியே நின்றது. நீ பூட்டிய கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

படலை பூட்டித்தான் இருந்தது. பூட்டின் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. உனக்குச் சொல்லப்பட்டதும், நான் இந்தப் பக்கத்தில் எழுதியதும் பொய்.

அது எப்படி வந்தது என்றும் எழுதவேண்டும். எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கெட்ட செய்தி போவதில்லை. உன் பெரியப்பாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்ததை, அவர் வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் உனக்குச் சொன்னோம். பரீட்சை முடியட்டும், வேலை நிரந்தரமாகட்டும், குளிர்காலம் போகட்டும் என்று செய்தி வாசலில் காத்துக்கிடக்கும். அன்றைக்கும் அம்மா அதைத்தான் தொடங்கினார்.

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ."

"நாய் இல்லையெண்டதை எத்தினை நாளைக்கு மறைக்கிறது?"

"நாயைச் சொல்லலாம். உங்கடை காதைச் சொல்லாதேங்கோ. இப்பதான் அவளுக்கு அங்கை ஒரு நல்ல வேலை. கேட்ட உடனை எல்லாத்தையும் விட்டிட்டு வந்து நிப்பாள்."

"அப்ப நாய் எப்பிடிச் செத்தது எண்டு கேட்டால்?"

அம்மா கையைச் சேலையில் துடைத்தார். "நான் படலையைத் திறந்து விட்டிட்டன், றோட்டுக்குப் போய் வான் ஒண்டிலை அடிபட்டுது எண்டு சொல்லுறன். என்னோடை ரெண்டு நாள் கோவிப்பாள். பிறகு சரி."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் நீ எடுத்து வழக்கம்போல, "எங்கை என்ரை சுருதி?" என்று கேட்டாய். அம்மா சொன்னார். நீ சொன்னதை அம்மா பிறகு எனக்கு எழுதித் தந்தார், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல்: "உங்களுக்கு அவனை எண்டைக்குமே பிடிக்காது." அதை எழுதிய தாளும் பெட்டிக்குள் இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து, உன் துக்கத்தை ஆற்றலாம் என்று எண்ணி நான் சுருதியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினேன். "மனைவி படலையைப் பூட்ட மறந்த ஒரு காலைப்பொழுதில்" என்று அதில் ஒரு வரி வந்தது. வாசகர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். நீ அதை வெட்டி உன் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாய். அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண் ஒருவர், நிறுத்துக்கொண்டே, "என்ன அக்கா, இண்டைக்குப் படலையைப் பூட்டிப்போட்டோ வந்தனீங்கள்?" என்று பகிடியாகக் கேட்டார். அம்மா சிரித்து, "ஓம், ரெண்டு தரம் இழுத்துப் பாத்திட்டுத்தான் வந்தனான்," என்றார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டு நாள் என்று அம்மா கணக்கிட்டது ஒன்றரை வருடமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் நாலு மணிக்கு, உனக்குப் பன்னிரண்டரைக்கு, நீ எடுக்கிறாய். முதலில் எடுப்பவர் அம்மா. "சாப்பிட்டியளோ? அப்பாட்டைக் குடுங்கோ." இவ்வளவுதான். சுருதி சாவதற்கு முன்னர் நீங்கள் இருவரும் அரை மணித்தியாலம் கதைப்பீர்கள், நான் என் முறைக்குக் காத்திருப்பேன். இப்போது அம்மா தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு என்னிடம் தந்துவிட்டு, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு எதிரே இருப்பார், நீ சொல்வதை எழுதித் தருவதற்காக. போன மார்கழியில் வந்த ஒரு தாளை அப்படியே தருகிறேன்: "அவளுக்குத் தடிமன் போலை. வாசிக்கேக்கை மூக்கு உறிஞ்சிற சத்தம் கேக்குது. இஞ்சி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ." நான் வாசித்தேன். "எப்பிடியப்பா கண்டுபிடிச்சியள்?" என்று நீ வியந்தாய். எதிரே அம்மா, தான் எழுதியதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணியில் உனக்குக் கலியாணம். தகப்பன் மகளுக்குச் சொல்லவேண்டியவை என்று பலவற்றை யோசித்து வைத்திருந்தேன், அவற்றில் இப்போது ஒன்றுதான் மிஞ்சுகிறது. உன் பிழையைத் தான் சுமப்பதாக உன் துணைவர் அன்போடு முன்வரும் நாள் ஒன்று வரும். விடாதே. அது இரண்டு நாளில் முடியும் என்று இருவரும் நம்புவீர்கள். சுமப்பவர் அதைப் பற்றிப் பிறகு ஒரு சொல்லும் பேசமாட்டார், பேசாமல் இருப்பதே உனக்கு வசதியாகிவிடும். எனக்கு அது வசதியாக இருந்தது. நான் காது கேட்காத தகப்பன் ஆகாமல், எல்லாம் கேட்கிற தகப்பனாகவே ஒன்றரை வருடம் இருந்தேன். உன் அன்பில் அம்மாவுக்கு உரிய பங்கையும் நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று கிழமைக்கு முன்னர் நீ இரண்டு பதிவுகள் அனுப்பினாய், கூடவே பேச்சாக ஒரு செய்தியும். அம்மா அதைக் கேட்டு எழுதித் தந்தார். "அப்பா, கலியாணத்தண்டு நானே வாசிக்கப் போறன். ரெண்டிலை எது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதுதான். அம்மாவைக் கேக்கேல்லை." கடைசி வரியையும் அம்மா விடவில்லை. விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தாளையும் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த நாள், மருத்துவரிடம் போக நாள் எடுக்கச் சொன்னேன். நாலு வருடமாக அம்மா கேட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் செய்தேன்.

இனி, முடிவாகாதவை. காதுக் கருவிகள் கொழும்பில் இருந்து வரவேண்டும், அடுத்த மாதம் இரண்டாம் கிழமை வந்து பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு ஓரளவு தெளியும், மேல் நரம்பு எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்லமுடியாது என்று மருத்துவர் சொன்னார். ஆவணிக்குள் பழகிவிடலாம், முழுவதும் கேட்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம் என்றும் சொன்னார். நீ என்னை என்ன செய்யப் போகிறாய் என்பதற்கு நாள் குறிக்க எனக்கு உரிமை இல்லை.

இந்தப் பக்கம் ஞாயிறு காலை வெளியாகும். நீ எழும்பியதும் இணையத்தில் திறந்து பார்ப்பாய். அம்மாவுக்கு இதை நான் எழுதுவது தெரியாது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, இரண்டு மணிபோல, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். எந்த வரியை வாசித்ததும் என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று தெரியாது, நான் எதிரே இருப்பேன்.

உன் இரண்டு பதிவுகளையும் அம்மா பலமுறை கேட்டுவிட்டார். வழக்கம்போல எழுதித் தருவார் என்று காத்திருந்தேன். தரவில்லை. "உம்மடை முடிவு என்ன?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "அவள் உங்களையெல்லோ கேட்டவள்," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். எதை வாசிப்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, ஒருநாளும் இருந்ததும் இல்லை. இன்று நாலு மணிக்கு நீ எடுத்தால், தொலைபேசியை முதலில் எடுப்பவரிடம் அந்த விடை இருக்கிறது.

அப்பா